நாற்பத்தோராம் பக்கத்து அடிக்குறிப்பு

பதுளை,
12.02.2024

அன்புத் தங்கச்சி ஷாகிராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் முழங்கால் எப்படி? மகள், மருமகன், பிள்ளைகள் எல்லாரும் சுகமா? நான் நல்ல சுகம். இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு.

நான் விழவில்லை. ஸ்டேஷனில் எஞ்சின்கள் நிறுத்தும் கொட்டகையில், அந்த செட்டில், தண்டவாளம் தடுக்கி விழுந்தேன் என்று மாவனல்லை வரை செய்தி வந்திருக்கும். நான் தண்டவாளத்தில் உட்கார்ந்தேன். செருப்பு வார் கழன்றிருந்தது, மாட்டுவதற்காக உட்கார்ந்தேன். எழுபத்தாறு வயதுப் பெண் கீழே உட்கார்ந்தால் விழுந்துவிட்டாள் என்று ஊர் தீர்மானித்துவிடுகிறது. பக்கத்து வீட்டு பஸ்லியா அன்று மாலையே தெஹிவளைக்கு, என் மகன் மிப்ரானுக்குக் கோல் எடுத்துவிட்டாள்.

“உம்மா, நான் சொன்ன ஞாபகம் ஈக்கா? கண்ணோ காலோ, எது முதல்ல ஏலாமப் போனாலும் அண்டைக்கே நீங்க இங்க. பதுளை வீட்டப் பூட்டிச் சாவிய நான் எடுத்துக்குவேன்.”

“இரண்டும் ஏலும்” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அவனுடையது ஆறாவது மாடி. ஜன்னலுக்கெல்லாம் கம்பி. போன வருடம் பன்னிரண்டு நாள் நின்றேன், ஒரு நாளாவது லிஃப்டில் தனியாக இறங்க விடவில்லை. அவனுக்கு என் மேல் உயிர். அதுதான் கஷ்டம்.

செட்டில் எனக்கு என்ன வேலை என்று கேட்பாய். என் கணவர், உன் மச்சான், உயிரோடிருந்தபோது ஓட்டிய கனடா எஞ்சின்களில் ஒன்று பதினொரு வருடமாகப் பக்கப் பாதையில் துருப்பிடித்து நின்றது. அதை மறுபடி ஓட வைக்க ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். சம்பளமில்லாத வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். ஹார்ட்வெயார் கடை இத்ரூஸ் செயலாளர். கையை அழுக்காக்குபவன் நிமலன், வெலிமடையில் மரக்கறி லொறிகள் திருத்துபவன், தகப்பன் பூனாகலைத் தோட்டத்தில். எஞ்சினுக்குரிய புத்தகம் நூற்றெண்பது பக்கம், முழுதும் இங்கிலீஷ். போனில் போட்டு மொழிபெயர்த்துப் பார்த்தார்களாம், ‘கொக்’ என்கிற வால்வு சேவலாகி, பன்னிரண்டு சிலிண்டருக்கும் பன்னிரண்டு சேவல் வந்ததாம். அதன் பிறகுதான் இத்ரூஸ் என் வாசலுக்கு வந்தார். “மாமி, இந்தப் பதுளையில இங்கிலீஷும் எஞ்சினும் ரெண்டும் தெரிஞ்ச ஒராள் நீங்கதான்.”

போட்டோக் கொப்பித் தாள்கள் என்னிடம் இருக்கின்றன. நான் தமிழில் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிக் கொடுக்கிறேன். அதைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்கள் வேலை செய்கிறார்கள். இதுவரை ஒரு வரியையும் யாரும் திருத்தியதில்லை. கொன்வென்ட்டில் சிஸ்டர் பெர்னடெட்டும் என் கொப்பியைத் திருத்தியதில்லை, உன்னுடையதைப் போல் அல்ல.

அடுத்த கடிதத்தைக் கறுப்பு மையில் எழுது. இந்தக் காலத்து நீல மை தரமில்லை.

வஸ்ஸலாம்,
உன் ராத்தா ஜெனீரா


மாவனல்லை,
03.03.2024

மரியாதைக்குரிய ராத்தாவுக்கு,

அலைக்கும் ஸலாம். முழங்கால் அப்படியேதான். மாடிப்படி ஏறுவதில்லை, மருமகன் கீழே களஞ்சிய அறையை ஒதுக்கித் தந்திருக்கிறார். அரிசி மூட்டைகளும் நானும் ஒன்றாகத் தூங்குகிறோம். அவை குறட்டை விடுவதில்லை.

கறுப்பு மையில் எழுதியிருக்கிறேன், பாருங்கள். ஆனால் ராத்தா, மையைக் குறை சொல்ல முன் உங்கள் கடிதத்தைச் சொல்கிறேன். ஐந்தாவது வரி நான்காவது வரிக்கு மேல் ஏறியிருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி தாளை விட்டு மேசைக்கே போய்விட்டது போலிருக்கிறது, முடிவைக் காணவில்லை. கோடு போடாத தாளில் கோடு போட்டது போல் எழுதுகிற ஆள் நீங்கள். கண்ணைக் காட்டினீர்களா?

மிப்ரான் எனக்கும் கோல் எடுத்தான். “சாச்சி, உம்மா உங்களுக்கு எழுதுறதில ஏதும் வித்தியாசம் ஈந்தா சொல்லுங்க” என்கிறான். என்னைத் துப்பறியச் சொல்கிறான். “உங்கட உம்மாட கடிதத்தில எழுத்துப் பிழை தேடி அறுபது வருஷம் தோத்தவ நான்” என்று சொன்னேன். சிரித்தான். வரிகளைப் பற்றிச் சொல்லவில்லை.

நோன்பு வருகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி ஷாகிரா


பதுளை,
21.04.2024

அன்பு ஷாகிராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடி கழிந்திருக்கும். எனக்கும் பிள்ளைகள் வந்து போனார்கள். மூன்று நாள் வீடு நிறைய சத்தம், பிறகு வழக்கம்போல்.

என் வரிகள் ஏறியிருந்தால் அது மேசையின் குறை. ஒரு கால் கட்டை.

எஞ்சின் வேலை வேகமாக நடக்கிறது. மே மாதம் பத்தொன்பதாம் தேதி, ஞாயிறு, முதல் முறையாக உயிர் கொடுக்கப் போகிறார்கள். போன வாரம் நானும் செட்டுக்குப் போனேன். நிமலன் எஞ்சினின் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு நின்றான்.

“என்ன நிமலன், புள்ள உதைக்குதா?” என்றார் இத்ரூஸ்.

“தூங்குதுங்க மொதலாளி. நீங்க சத்தம் போட்டீங்கன்னா முழிச்சி அழும். அப்புறம் நீங்கதான் தூக்கி வச்சிக்கணும், தொண்ணூறு டன்னு.”

என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். மரக்கறிப் பையிலிருந்து ஒரு கட்டு லீக்ஸ் கொடுத்தான். வாரா வாரம் எதையாவது கொண்டு வருகிறான், வேண்டாம் என்றால் கேட்பதில்லை. “அம்மா, நாப்பத்தியோராம் பக்கம் முடிஞ்சிருச்சுங்களா? ஸ்டார்ட் பண்றது அதுலதான் இருக்குன்னீங்க.”

முடித்துக் கொடுத்தேன். அந்தப் பக்கம் மட்டும் மங்கல் பிரதி. சமாளித்தேன். உன் மச்சான் தினமும் காலையில் இந்த எஞ்சினை எப்படி எழுப்புவார் என்பதை முப்பது வருடம் சாப்பாட்டு மேசையில் கேட்டவள் நான்.

உன் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது. நெருக்கி எழுதுவது பண்பல்ல.

ராத்தா ஜெனீரா


வெலிமடை,
22.05.2024

அன்பான அம்மா அவர்களுக்கு,

நிமலன் வணக்கம் சொல்லி எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். மூன்று நாளாகப் போன் எடுத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இத்ரூஸ் முதலாளி சொல்லியிருப்பார். நானும் சொல்ல வேண்டும். கொப்பியில் இருந்தபடி பன்னிரண்டு சிலிண்டரின் சோதனை வால்வுகளையும் திறந்தேன். கொப்பியில் இருந்தபடி ஸ்டார்ட்டரை ஒரு விநாடி அழுத்தி விட்டேன். உள்ளே தேங்கிய தண்ணீர் இருந்தால் அந்த ஓட்டைகளால் வெளியே வர வேண்டும். பதினொன்றில் வந்தது. ஏழாவது சிலிண்டரில் அளவுக்கு மேல் தண்ணீர் இருந்திருக்கிறது, வெளியேற நேரம் கிடைக்கவில்லை. பெரிய சத்தம் ஒன்று கேட்டது. திறந்து பார்த்தால் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு வளைந்து கிடக்கிறது. யாருக்கும் காயம் இல்லை.

நான் ஒரு விநாடிக்கு மேல் அழுத்திவிட்டேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அழுத்தவில்லை அம்மா. மழையில் கிடந்த லொறி எஞ்சினையே நாங்கள் முதலில் கையால்தான் சுற்றிப் பார்ப்போம். இதிலும் அப்படிச் செய்யலாமா என்று அன்றைக்கே மனதில் வந்தது. கொப்பியில் இல்லாததைச் செய்யக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

உங்களைக் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. தாள்களை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தபோது நாற்பத்தோராம் பக்கத்துக்கு அடியில் கட்டம் போட்டுச் சின்ன எழுத்தில் ஏதோ இருந்ததைப் பார்த்த ஞாபகம். எனக்கு இங்கிலீஷ் ஓடாது. அது கொப்பியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. ஒருமுறை பார்த்துச் சொல்வீர்களா?

முதலாளியிடம் கேட்டேன். “மாமியையே சந்தேகப்படுறியா?” என்று கத்திவிட்டார். செட் சாவியை வாங்கிக்கொண்டார்.

பணிவுள்ள,
நிமலன்


பதுளை,
09.06.2024

அன்பு ஷாகிராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் வீட்டாரும் சுகம் என்று நம்புகிறேன். எனக்குக் குறையில்லை. மழை விடாமல் பெய்கிறது.

எஞ்சினில் விபத்து நடந்துவிட்டது. உள்ளே ஒரு தண்டு வளைந்துவிட்டது. வேறொரு கழித்த எஞ்சினிலிருந்து கழற்றிக் கொண்டுவர வேண்டும், அதற்கு ரயில்வே இலாகாவின் அனுமதி வேண்டும், எப்போது கிடைக்கும் என்று தெரியாது. நிமலன் ஸ்டார்ட்டரை அதிகம் அழுத்தியதாகப் பேசிக்கொள்கிறார்கள்.

இத்ரூஸ் வீட்டில் செய்த இனிப்பு வட்டிலப்பத்தோடு வந்தார். அரை மணி நேரம் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். “மாமி, அவன் உங்கட எழுத்தயே கேள்வி கேட்டுட்டான். சங்கத்துப் பேரில மன்னிப்புக் கேக்க வந்தன். நீங்க எழுதினதில ஒரு எழுத்து, ஒரு குத்து விடுபடாதென்டு எனக்குத் தெரியும், பதுளைக்கே தெரியும்.”

நான் தேநீர் ஊற்றினேன். அவர் பதிலை எதிர்பார்க்கவில்லை.

நிமலனிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. இன்னும் பதில் எழுதவில்லை. வேலை அதிகம்.

ராத்தா ஜெனீரா


மாவனல்லை,
24.06.2024

அன்பு ராத்தாவுக்கு,

ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சி பங்கிட்டு முடித்து இன்றுதான் உட்கார்ந்தேன். எல்லாரும் சுகம்.

என்ன வேலை ராத்தா? தனி ஆளுக்கு என்ன வேலை? வந்த கடிதத்துக்கு மூன்றாம் நாள் பதில் போடாதவர்களை மனிதர்களாகவே மதிக்காத ஆள் நீங்கள். வாப்பா மௌத்தான வாரத்திலும் இரங்கல் கடிதங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதினீர்கள். அந்த மனிதர் என்ன கேட்டிருக்கிறார்?

போன கடிதம் மொத்தம் ஒரு பக்கம்தான். அதில் “நிமலன்” என்ற பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டாவது இடத்தில் அதற்கு மேலேயே இன்னொரு வரி எழுதியிருக்கிறீர்கள்.

மிப்ரான் மறுபடியும் கேட்டான். “உம்மாட கண் நல்லந்தானே சாச்சி?” “எனக்குத் தெரியா மகன்” என்றேன். அது பொய்யா உண்மையா என்று எனக்கே விளங்கவில்லை. கோபிக்காமல் எழுதுங்கள்.

ஷாகிரா


வெலிமடை,
20.07.2024

அன்பான அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு மாதமாகப் பதில் இல்லாததால் உங்களுக்குச் சுகமில்லையோ என்று பயமாக இருக்கிறது. பதில் போடாமல் இருக்கும் ஆள் நீங்கள் இல்லை. முன் கடிதத்தில் நான் ஏதாவது மரியாதைக் குறைவாக எழுதியிருந்தால் மன்னியுங்கள்.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி சங்கக் கூட்டம். என் பெயரை வெட்டப் போகிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. இங்கே சந்தைக்கு வரும் லொறிக்காரர்கள் வரை கதை வந்துவிட்டது. “கோச்சி எஞ்சின ஒடச்சவன்ட்டயா என் லொறிய குடுக்குறது?” என்று முகத்துக்கு நேராகவே கேட்கிறார்கள். பதினேழு வருடமாக என்னிடம் வந்தவர் ஒருவர் லொறியைப் பண்டாரவளைக்குக் கொண்டுபோய்விட்டார்.

கூட்டத்துக்கு நான் போவேன். போகாவிட்டால் தப்புச் செய்தவன் என்று ஆகிவிடும். உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிமலன்


பதுளை,
28.07.2024

ஷாகிரா,

அஸ்ஸலாமு அலைக்கும். வாசித்து முடித்ததும் இதைக் கிழித்துவிடு.

இரண்டு வருடத்துக்கு முன் கண்டியில் ஒரு கல்யாணம் என்று போனேனே, இவ்வளவு கிட்ட வந்தும் உன் வீட்டுக்கு வரவில்லை என்று நீ கோபித்தாயே, அன்று கல்யாணம் இல்லை. கண் டொக்டர். ஒப்பரேஷனால் திருத்துகிற நோய் அல்ல என்றார். கண்ணின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு போகிறது, திரும்பி வராது.

எப்படி இருக்கும் என்றால், நான் நேராகப் பார்ப்பது மட்டும் தெரிவதில்லை. அதைச் சுற்றி எல்லாம் தெரிகிறது. உன் முகத்தைப் பார்த்தால் உன் காதுகளும் முந்தானையும் தெரியும். ஒரு சொல்லை வாசிக்க அதன் பக்கத்துச் சொல்லைப் பார்க்க வேண்டும். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பொறுக்குகிறேன். உன் கடிதம் ஒன்றுக்கு ஒரு முழுக் காலை போகிறது. அன்று செட்டில் செருப்பு வாரைத் தடவித்தான் மாட்டினேன்.

நாற்பத்தோராம் பக்கத்துக்கு அடியில் ஒரு கட்டம் இருந்தது. அது இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. மூன்று நாள் முயன்றேன். நான்காம் நாள் செட்டில் வைத்து நிமலன் கேட்டான். வாசிக்க முடியவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இத்ரூஸின் மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் செய்திருக்கலாம். பிறகு பஸ்லியாவுக்குத் தெரியும், மிப்ரானுக்குத் தெரியும், சாவி போகும். அதனால் உன் மச்சான் காலையில் செய்வதை எழுதிக் கொடுத்தேன். வால்வைத் திற, ஸ்டார்ட்டரை ஒரு விநாடி அழுத்து.

அது நேற்று ஓடிய எஞ்சினுக்கு. அவர் ஓட்டியதெல்லாம் நேற்று ஓடிய எஞ்சின்கள்.

விபத்துக்குப் பிறகு நான்கு நாள் உட்கார்ந்து அந்தக் கட்டத்தை வாசித்தேன். இரண்டு நாளுக்கு மேல் நின்ற எஞ்சினை, வால்வுகளைத் திறந்து, ஸ்டார்ட்டரைத் தொடாமல், கம்பி போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். மூன்று வரி. நிமலனுக்குத் தானாகவே தோன்றியது. என் கொப்பியை மதித்து விட்டுவிட்டான்.

பஸ்லியா தினமும் எட்டிப் பார்க்கிறாள். இத்ரூஸ் தெருவில் கண்டால் தலையில் கட்டிய கைலேஞ்சியை எடுத்துவிட்டு மரியாதையாக நிற்கிறார். யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை, ஷாகிரா. ஒருவராவது கேட்டால் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. கேட்டவன் ஒருவன்தான், அவனுக்குத்தான் பதில் எழுதவில்லை.

இந்த வீட்டில் எத்தனை படி, எந்தப் பலகை எந்தக் கதவோடு முட்டும் என்று என் கைக்குத் தெரியும். இங்கே நான் குருடி இல்லை. ஆறாம் மாடியில் முதல் நாளே ஆகிவிடுவேன்.

ஜெனீரா


மாவனல்லை,
05.08.2024

என் ராத்தாவுக்கு,

ஸலாம். நான் கிழிக்கவில்லை. உங்கள் கடிதம் ஒன்றையும் கிழித்துப் பழக்கமில்லை.

முதலில் அழுதேன். பிறகு கோபம் வந்தது, இரண்டு வருடமாக என்னிடமும் மையைக் குறை சொல்லிக்கொண்டிருந்ததற்கு. “எங்கட வீட்டுக்கு வாங்க ராத்தா” என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். எழுத முடியவில்லை. நானே இங்கு அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறேன். மருமகனிடம் கேட்க எனக்கு வாய் வராது. இல்லாத இடத்தைத் தருகிறேன் என்று உங்களிடம் பொய் சொல்லவும் மாட்டேன்.

மிப்ரானிடம் நான் சொல்ல மாட்டேன். இத்ரூஸிடமும் சொல்ல மாட்டேன். பதினெட்டாம் தேதிவரை ஒவ்வொரு நாளும் உங்களுக்கு துஆ கேட்பேன். ஆனால் ஒன்று எழுதுகிறேன், அடித்தாலும் சரி. உங்கள் வீடு போனால் உங்களுக்குப் போக ஒரு வீடு இருக்கிறது, பிடிக்காவிட்டாலும். அந்த மனிதருக்கு இருப்பது கைத்தொழில் ஒன்றுதான்.

ஷாகிரா


பதுளை,
12.08.2024

செயலாளர் ஜனாப் இத்ரூஸ் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் குடும்பத்தாரும் சங்கத்தினரும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

மே மாதம் பத்தொன்பதாம் தேதி நடந்த விபத்துக்கு நிமலன் காரணமல்ல. நான் காரணம். நாற்பத்தோராம் பக்கத்தின் அடிக்குறிப்பை நான் மொழிபெயர்க்கவில்லை. என்னால் வாசிக்க முடியவில்லை. இரண்டு வருடமாக என் கண் கெட்டுக்கொண்டு வருகிறது, அதை எல்லோரிடமும் மறைத்தேன். வாசிக்க முடியாத இடத்தில் என் கணவரின் அன்றாட வழக்கத்தை, புத்தகம் சொல்வதுபோல எழுதினேன். மூலத் தாளையும் அடிக்குறிப்பின் சரியான தமிழையும் இத்துடன் இணைத்துள்ளேன். ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்வதால் மட்டும் நம்ப வேண்டாம்.

நிமலன் கொப்பியை ஒரு வரியும் பிசகாமல் பின்பற்றினான். அடிக்குறிப்பைப் பற்றி மே இருபத்திரண்டாம் தேதியே என்னிடம் எழுத்தில் கேட்டான். நான் பதில் கொடுக்கவில்லை. நீங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னிடம் எதையும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதலாவது உங்கள் பிழை, இரண்டாவது என்னுடையது. இரண்டாவதே பெரியது.

மூன்று காரியங்களைக் கேட்கிறேன். இக்கடிதம் பதினெட்டாம் தேதிக் கூட்டத்தில், நிமலன் இருக்கும்போது, முழுவதும் வாசிக்கப்பட வேண்டும். செட் சாவி எல்லோர் முன்னிலையிலும் அவனிடம் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும். இதுவரை நான் எழுதிய நாற்பத்தொரு பக்கங்களையும் வேறொருவர் மூலத்தோடு ஒப்பிட வேண்டும், நான் சரி என்று நினைக்கும் பக்கங்களையும் சேர்த்து. வெலிமடைச் சந்தையில் லொறிச் சங்கத் தலைவரை உங்களுக்குத் தெரியும். அவரிடம் நீங்கள் நேரில் போய்ச் சொன்னால் நல்லது. வட்டிலப்பம் தேவையில்லை.

இதன் பிரதிகளை நிமலனுக்கும் என் மகன் மிப்ரானுக்கும் இன்றே தபாலில் சேர்க்கிறேன். நிமலனுக்கு எழுத வேண்டியதைத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். மிப்ரானுக்குப் போனிலும் சொல்லிவிட்டேன், பதினேழாம் தேதி என்னை அழைத்துப்போக வாகனத்தோடு வருவான். அதனால் நான் கூட்டத்துக்கு வர மாட்டேன்.

கூட்டத்தில் என்ன முடிவு செய்தீர்கள், சாவி யார் கையில் இருக்கிறது என்பவற்றை எனக்கு எழுத்தில் அறியத் தாருங்கள். போனில் சொல்ல வேண்டாம். பதுளை முகவரிக்கு அனுப்ப வேண்டாம். என் மகனின் தெஹிவளை முகவரிக்கு அனுப்புங்கள். அங்கே எனக்கு வாசித்துக் காட்ட ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஜெனீரா லத்தீப்